ஏலக்கூடத்தில் அறிவின் விலை

1

தொழில்நுட்பத்துக்குப் பணம் செலவழிப்பது குறித்து நம்மிடையே நடக்கும் பேச்சு பெரும்பாலும் இரண்டு தொனிகளில்தான் இருக்கிறது. ஒன்று வியப்பு: எந்திரம் வந்துவிட்டது, இனி எல்லாம் சரியாகிவிடும். இன்னொன்று சாபம்: எந்திரம் வந்துவிட்டது, இனி எல்லாம் போச்சு. இரண்டுமே எந்திரத்தை மட்டும் பார்க்கின்றன. அது எந்த அறிவின்மீது ஏறி நிற்கிறது, அந்த அறிவு யாருடையது, அதன் மதிப்பு யார் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது என்கிற கேள்விகள் இரண்டு தொனிகளிலும் எழுவதில்லை. மேலாண்மைத் துறையினர் கொஞ்ச காலமாக 'அறிவு மதிப்பு' என்றும் 'அறிவு மூலதனம்' என்றும் சொல்லிவருவதை இந்தக் கேள்விகளின் வழியாக வாசித்துப் பார்க்க முடியுமா என்பதே இக்கட்டுரையின் அக்கறை.

இம்மாதிரி விஷயங்களுக்கு அமெரிக்கக் கம்பெனி ஒன்றையோ பெங்களூர் மென்பொருள் நிறுவனம் ஒன்றையோ உதாரணம் காட்டுவதுதான் வழக்கம். நாம் போடிநாயக்கனூரை எடுத்துக்கொள்வோம். ஏலக்காய் விளைவது மலைக்கு மேலே, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். அதன் விலை முடிவாகும் இடங்களில் ஒன்று மலைக்குக் கீழே, தேனி மாவட்டத்தின் போடியில். அதைப் பறிக்கும் கைகளில் கணிசமானவை போடியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து ஏறிப் போகின்றவை. போடியிலிருந்து தேவாரம் போகிற பாதையில் ராசிங்காபுரம் மாதிரியான ஊர்களில் விடியுமுன்பே ஜீப்புகள் ஆள் ஏற்றத் தொடங்கிவிடும். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மலையேற மூன்று வழிகள். காலையில் ஏறி மாலையில் இறங்கும் இந்தப் பயணத்தை ஒரு நிறுவனம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் நிறுவனம் என்பதைக் கட்டிடமும் பெயர்ப்பலகையுமாகப் பார்க்காமல், ஒரு பொருளை உண்டாக்கி விலையாக்கும் உறவுகளின் தொகுப்பாகப் பார்த்தால், ராசிங்காபுரத்து ஜீப்பும், மலைமேல் காயை உலர்த்தும் ஸ்டோரும், போடிக் கிட்டங்கியும், நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்கூடமும் ஒரே நிறுவனத்தின் பிரிவுகள்தாம். அந்த நிறுவனம் கணிப்பொறிக்குச் செலவழித்திருக்கிறது. அறிவுக்கு என்ன செய்தது?

2

முதலில் இந்தக் கேள்வி மேலைநாட்டில் எப்படி எழுந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

பொருளியலாளர் ராபர்ட் சோலோ 1987இல் ஒரு புத்தக மதிப்புரையில் போகிறபோக்கில் ஒரு சந்தேகத்தை எழுப்பினார். எங்கே பார்த்தாலும் கணிப்பொறியாக இருக்கிறது, உற்பத்தித் திறன் பற்றிய புள்ளிவிவரத்தில் மட்டும் அதைக் காணோம் என்பதே அதன் சாரம். இந்தப் புதிருக்குப் பல பதில்கள் வந்தன. அவற்றில் பொருளியல் வரலாற்றாசிரியர் பால் டேவிட் 1990இல் முன்வைத்தது நமக்கு உதவக்கூடியது. அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் 1880களிலேயே எட்டத் தொடங்கிவிட்டது. அதன் பலன் உற்பத்தித் திறனில் பெரிதாகத் தெரிந்ததோ 1920களில். நடுவில் ஏன் இத்தனை தாமதம்? ஆலைக்காரர்கள் நீராவி எஞ்சினை எடுத்துவிட்டு அதே இடத்தில் மின் மோட்டாரை வைத்தார்கள். கூரையடியில் ஓடிய நீண்ட இரும்புத் தண்டும் அதிலிருந்து ஒவ்வொரு எந்திரத்துக்கும் இறங்கிய தோல்பட்டைகளும் அப்படியே இருந்தன. ஒவ்வொரு எந்திரத்துக்கும் தனி மோட்டார், அதற்கேற்ப ஆலையின் அமைப்பு, அதற்கேற்ப வேலையின் ஒழுங்கு என்று எல்லாம் மாறியபோதுதான் மின்சாரம் பலன் தந்தது. எந்திரத்தை மாற்றுவது சுலபம், அதைச் சுற்றியிருக்கிற உறவுகளை மாற்றுவதுதான் காலம் பிடிக்கிறது என்பது இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

இன்னொருவர் பால் ஸ்ட்ராஸ்மன். இவர் கோட்பாட்டாளர் அல்லர், உள்ளேயிருந்து பார்த்தவர். ஜெராக்ஸ் கம்பெனியிலும் பிற்பாடு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையிலும் கணிப்பொறிச் செலவுகளுக்குப் பொறுப்பாக இருந்தவர். நிறுவனங்கள் கணிப்பொறிக்குச் செலவழிக்கும் தொகைக்கும் அவை ஈட்டும் லாபத்துக்கும் தொடர்பு இல்லை என்று புள்ளிவிவரங்களை அடுக்கி வாதாடினார். நிறையச் செலவழித்த நிறுவனமும் நொடித்திருக்கிறது, கொஞ்சமாகச் செலவழித்ததும் செழித்திருக்கிறது. அப்படியானால் லாபத்தைத் தீர்மானிப்பது எது? அங்கே வேலை செய்கிறவர்களிடம் சேர்ந்திருக்கும் அறிவு என்றார். அதை அளக்க அவர் சொன்ன வழி எளியது. நிறுவனத்தின் லாபத்திலிருந்து அது போட்ட பணத்துக்கான வட்டிக்குச் சமமான தொகையைக் கழியுங்கள். மிஞ்சுவது பணம் சம்பாதித்தது அல்ல, அறிவு சம்பாதித்தது. அந்த வருமானத்தை வட்டி வீதத்தால் வகுத்தால் 'அறிவு மூலதனம்' கிடைத்துவிடும்.

மார்க்ஸை வாசித்தவர்களுக்கு இந்தக் கழித்தல் கணக்கு எங்கேயோ பார்த்த முகமாகத் தெரியும். பணம் தானாகப் பெருகுவதில்லை, உபரி வேறெங்கிருந்தோ வருகிறது என்பதைத்தான் ஸ்ட்ராஸ்மனும் மேலாண்மை மொழியில் சொல்கிறார். ஆனால் ஒரு இடத்தில் நின்றுவிடுகிறார். அறிவு ஊழியரின் தலையிலும் கையிலும் இருக்கிறது. அதன் மதிப்போ நிறுவனத்தின் பெயரில் எழுதப்படுகிறது. இது எப்படி நியாயம் என்ற கேள்வி அவருடைய சூத்திரத்துக்குள் வருவதில்லை.

3

இனி ஏலக்கூடத்துக்குள் போகலாம்.

ஏலக்காய் வாரியம் 1966இல் அமைக்கப்பட்டது. 1987இல் நறுமணப் பொருள் வாரியம் உருவானபோது அதனுள் கலந்தது. அதே 1987இல் வந்த உரிமம் மற்றும் சந்தைப்படுத்தல் விதிகளின்படி ஏலம் நடத்துபவருக்கும் வாங்கும் வியாபாரிக்கும் உரிமம் வேண்டும். பழைய ஏலம் வாய் ஏலம். விவசாயி கொண்டுவந்த காயிலிருந்து கொஞ்சம் மாதிரி எடுத்து வியாபாரிகளிடம் கொடுப்பார்கள். வியாபாரி அதைக் கையில் கொட்டிப் பார்ப்பார், உருட்டுவார், ஒன்றை உடைத்து விதையின் நிறத்தைப் பார்ப்பார், முகர்வார், பிறகு விலை கேட்பார். பார்த்து முடித்த காய் தரையில் விழும். ஏலம் முடிகிறபோது கூடத்தின் தரை பச்சைப் பாயாகக் கிடக்கும்.

2007இல் மின் ஏலம் போடியில் அறிமுகமானது, பிறகு கேரளப் பக்கத்திலும் வந்தது. கூடத்தில் ஒவ்வொரு வியாபாரி முன்பும் ஒரு கருவி. பொத்தானை அழுத்தினால் விலை ஏறும். எதிரே திரையில் எல்லோரும் பார்க்கலாம். 2021 தொடக்கத்தில் அடுத்த கட்டம் வந்தது. போடியிலும் இடுக்கியின் புத்தடியிலும் இருக்கும் இரண்டு கூடங்களையும் இணைத்து, எங்கே உட்கார்ந்திருந்தாலும் ஒரே ஏலத்தில் கலந்துகொள்ளும்படி செய்தார்கள்.

இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. வாய் ஏலத்தில் யார் எப்போது என்ன கேட்டார் என்பதற்குக் காற்றுதான் சாட்சி. மின் ஏலத்தில் பதிவு இருக்கிறது. இரண்டு கூடங்கள் இணையும்போது வாங்குகிறவர்கள் கூடுகிறார்கள். நாலு பேர் கூடி விலையை அமுக்குவது அந்த அளவுக்குக் கடினமாகிறது. மலைமேல் இருக்கும் சின்ன விவசாயிகூட அன்றைய விலையை அன்றைக்கே தெரிந்துகொள்கிறார். சிதறிக்கிடக்கும் அறிவையெல்லாம் ஒரே எண்ணில் திரட்டித் தருவது விலை என்று ஹயேக் 1945இல் எழுதினார். அவருடைய கருத்துக்கு இதைவிடச் சுத்தமான செயல்விளக்கம் கிடைக்காது என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மின் ஏலத்திலும் மாதிரிக் காய் கையில் கொடுக்கப்படுகிறது. வியாபாரி இப்போதும் உருட்டுகிறார், உடைக்கிறார், முகர்கிறார். அதற்குப் பிறகுதான் பொத்தான். அதாவது கணிப்பொறி எடுத்துக்கொண்டது விலை கேட்கும் ஓசையை. விலையைத் தீர்மானிக்கும் அறிவு இன்னும் விரல்நுனியில்தான் இருக்கிறது. செலவு முழுவதும் முதலாவதற்கு. இரண்டாவது இலவசமாகக் கிடைப்பதுபோல நடந்துகொள்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. வாரியம் ஒவ்வொரு ஏலம் குறித்தும் வெளியிடும் விவரங்களைப் பாருங்கள்: தேதி, ஏலம் நடத்தியவர், எத்தனை குவியல்கள், வந்த எடை, விற்ற எடை, அதிகபட்ச விலை, சராசரி விலை. ஆச்சா? இந்தக் கட்டங்களுக்குள் இல்லாதது எது? எந்த உயரத்தில் விளைந்தது, எத்தனையாவது எடுப்பு, எப்படி உலர்த்தப்பட்டது, யார் பறித்தது. கணிப்பொறியால் இவற்றைப் பதிய முடியாது என்பதில்லை, யாரும் கேட்கவில்லை. பதிவேடு என்பது நடுநிலையான கண்ணாடி அல்ல. எது அறியப்பட வேண்டியது என்று முன்பே தீர்மானித்த ஒரு அதிகாரத்தின் வினாத்தாள் அது. இங்கே கேள்வி கேட்பது வணிகம். ஆகவே பதிலும் வணிகத்துக்கானது.

2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. செய்தித்தாள்கள் அந்த எண்ணைத்தான் தலைப்பாக்கின. அன்றைய சராசரி விலை அதற்கு வெகு கீழே இருந்தது. முந்தைய வருஷத்துப் பெருவெள்ளமும் அடுத்து வந்த வறட்சியும் செடியை அழித்ததால் பலரிடம் விற்கக் காயே இல்லை. உச்ச விலை என்கிற ஒற்றை எண், காய் இல்லாதவனின் கதையை மறைத்துக்கொண்டு செல்வச் செழிப்பின் கதையைச் சொன்னது.

4

விரல்நுனி அறிவு என்றேன். அது வியாபாரியிடம் மட்டும் இருப்பதல்ல. அவரிடம் வந்துசேரும்போது அது கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. தொடக்கம் செடியடியில்.

ஏலச்செடியில் பூச்சரம் தட்டையின் அடியிலிருந்து கிளம்பித் தரையோடு படரும். ஒரே சரத்தில் பூவும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், முற்றிய காயும் இருக்கும். எல்லாம் ஒன்றாக முற்றுவதில்லை. ஆகவே ஒரே தோட்டத்தை ஒரு மாதத்துக்குச் சற்று முன்பின்னாகத் திரும்பத் திரும்பச் சுற்றிவந்து எடுக்க வேண்டும். எடுக்க வேண்டியது கருங்காய்: உள்ளே விதை கறுத்து, ஆனால் தோல் இன்னும் பச்சை மாறாத பருவம். அதற்கு முன்னால் எடுத்தால் உலர்ந்தபின் சுருங்கிப்போகும். பின்னால் எடுத்தால் பழுத்துத் தோல் மஞ்சளாகி உலர்த்தும்போது வெடிக்கும். வெளியே பார்த்தால் மூன்றும் பச்சைதான், கிட்டத்தட்ட. மழையில், அட்டைக்கடியில், குனிந்த நிலையில், ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் இந்த முடிவை எடுத்துக்கொண்டே போகின்றன அந்தப் பெண்களின் கைகள். எப்படித் தெரிகிறது என்று கேட்டால் என்னத்தைச் சொல்வது? பார்த்தால் தெரியும், தொட்டால் தெரியும். அவ்வளவுதான்.

வேதியியலிலிருந்து தத்துவத்துக்கு வந்த மைக்கேல் பொலானி 1966இல் வெளியான தமது நூலில் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார். அதை 'உள்ளுறை அறிவு' எனலாம். அறிதலில் ஒரு பகுதி எப்போதும் சொல்லுக்குள் அடங்காமல் உடம்பிலேயே தங்கிவிடுகிறது, சொல்லப்பட்ட அறிவுகூட அதன்மீது ஊன்றித்தான் நிற்கிறது என்பது அவர் நிலைப்பாடு. இது ஏதோ மர்மம் அல்ல. சைக்கிள் ஓட்டுவதிலும் முகத்தை அடையாளம் காண்பதிலும் இருப்பதே.

கருங்காயின் அறிவுக்கு ரூபாய் மதிப்பு உண்டா? உண்டு. பறித்த பச்சைக் காயில் எண்பது சதவீதம் போல ஈரம். ஸ்டோரில் ஒரு பகல் ஒரு இரவுபோலச் சூட்டில் வைத்து அதைப் பத்துக்குப் பக்கத்தில் இறக்குகிறார்கள். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்கு ஒரு கிலோ உலர்காய். ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். 100 கிலோ நல்ல கருங்காய் 20 கிலோ தருகிறது. அதில் கால்வாசி பிஞ்சாக இருந்து, பிஞ்சு நூற்றுக்குப் பதினாலுதான் தேறும் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 18.5 கிலோ. கிலோ 2,000 ரூபாய் என்றால் 3,000 ரூபாய் ஸ்டோரிலேயே ஆவியாகிவிட்டது. அதோடு முடியவில்லை. அக்மார்க் தரத்தில் 'ஆலப்புழைப் பச்சை'யின் முதல் ரகத்துக்கு 7 மில்லிமீட்டர் அளவும், ஒரு லிட்டர் காய்க்கு 435 கிராம் எடையும் வேண்டும். அடுத்த ரகத்துக்கு 6 மில்லிமீட்டர், 415 கிராம். அதற்கடுத்து 5 மில்லிமீட்டர், 385 கிராம். பிஞ்சு கலந்தால் லிட்டர் எடை இறங்கும், எடை இறங்கினால் குவியல் முழுவதற்கும் விலை இறங்கும். கிலோவுக்கு 100 ரூபாய் இறங்கியதாக வைத்தால் இன்னும் 1,850 ரூபாய். ஆகமொத்தம் 4,850. இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. ஆனால் கணக்கின் போக்கு மலையில் தோட்டம் வைத்திருக்கும் எவருக்கும் தெரிந்ததுதான்.

அப்படி இருக்க, பறிப்பவருக்கு என்ன? நாள் கூலி. கருங்காய் பார்த்து எடுத்தாலும் அதே, பாராமல் எடுத்தாலும் அதே. கைத்திறனை மேற்பார்வை பார்க்கக் கங்காணி. அறிவின் மதிப்பு தோட்டக்காரரின் கணக்கில் 'நல்ல விளைச்சல்' என்றும், வியாபாரியின் கணக்கில் 'நல்ல தரம்' என்றும் எழுதப்படுகிறது. ராசிங்காபுரத்து வீட்டில் அது 'காய் எடுக்கப் போன கூலி' மட்டும்தான்.

5

இது மலையின் தனிக்குற்றம் அல்ல. கணக்கியலின் விதியே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

தொட்டுணர முடியாத சொத்துகளை எப்படிக் கணக்கில் காட்டுவது என்பதற்கான சர்வதேசத் தர விதி 1998இல் வந்தது. அதை ஒட்டி இந்தியாவில் கணக்கியல் தரம் 26 என்பது 2002இல் வெளியானது. இவற்றின்படி வாங்கிய மென்பொருளைச் சொத்தாகக் காட்டலாம், சில வருஷங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கலாம். ஊழியருக்குப் பயிற்சி கொடுத்த செலவைச் சொத்தாகக் காட்ட முடியாது. அந்த வருஷத்துச் செலவாகவே எழுதித் தீர்க்க வேண்டும். திறமையான தொழிலாளர் குழு ஒன்று இருக்கிறதே, அவர்களால் வருங்காலத்தில் வருமானம் வருமே என்றால், அதுவும் பொதுவாகச் சொத்து ஆகாது. காரணம்: வருமானம் வராது என்பதல்ல. அவர்கள்மீது நிறுவனத்துக்குப் போதுமான கட்டுப்பாடு இல்லை என்பது. அவர்கள் எழுந்து போய்விடலாம்.

'கட்டுப்பாடு' என்ற இந்தச் சொல்லை நாம் கவனமாக வாசிக்க வேண்டும். அறிவு எப்போது சொத்தாகிறது? அறிந்தவரிடமிருந்து பிரிக்கப்பட்டு, அவர் போனாலும் போகாததாக ஆகும்போது. ஆக, ஒரு மேலாளர் தமது ஏட்டில் சொத்து வளரவேண்டும் என்று விரும்பினால், மனிதர்களுக்குக் கற்றுக்கொடுப்பதைக் காட்டிலும் மனிதர்களிடமிருந்து கற்றதை எந்திரத்தில் ஏற்றுவது அவருக்கு லாபகரமாகத் தெரியும். இந்தச் சாய்வு எந்த மேலாளரின் கெட்ட மனசிலும் இல்லை, ஏட்டின் கோடுகளில் இருக்கிறது. டெய்லர் 1911இல் 'அறிவியல் மேலாண்மை' என்று சொன்னது, தொழிலாளியின் தலையில் இருப்பதை மேலாளரின் மேசைக்குக் கொண்டுவரும் திட்டம்தான். ஹாரி பிரேவர்மன் 1974இல் அதை உழைப்பின் சீரழிவு என்று விரிவாக விமர்சித்தார். கணக்கியல் விதி அதே திட்டத்தைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது.

நொனாகாவும் தாக்கியூச்சியும் 1995இல் எழுதிய நூல் இதற்கு இனிமையான முகம் கொடுத்தது. ஜப்பானின் மட்சுஷிதா கம்பெனி வீட்டு ரொட்டி எந்திரம் செய்ய முயன்றபோது மாவு சரியாகப் பிசையப்படவில்லை. கம்பெனியின் மென்பொருள் பெண் ஒருவர் ஒசாகாவின் ஹோட்டல் ஒன்றில் தலைமை ரொட்டிக்காரரிடம் சீடராகச் சேர்ந்து, அவர் மாவை இழுப்பதோடு முறுக்கவும் செய்கிறார் என்று கண்டுபிடித்தார். அந்த முறுக்கு எந்திரத்துக்குள் போனது. எந்திரம் நன்றாக விற்றது. உள்ளுறை அறிவு வெளிப்படை அறிவாக மாறியதற்கு இது ஓர் அழகான கதை. ரொட்டிக்காரருக்கு என்ன பங்கு என்பது கோட்பாட்டின் மையத்தில் இல்லை.

போடிக் கிட்டங்கிகளில் காய் பொறுக்கித் தரம் பிரிக்கும் பெண்களை இந்தக் கதையோடு சேர்த்து யோசியுங்கள். நிறம் பார்த்துப் பிரிக்கும் எந்திரம் அரிசி ஆலைகளுக்கு வந்து வெகு நாளாயிற்று. ஏலக்காய்க்கு அதை வாங்கினால் எந்தப் பச்சையை நல்ல பச்சை என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும். அந்தப் பாடம் சொல்லும்வரை அந்தப் பெண்ணின் அறிவுக்கு ஏட்டில் இடமில்லை. சொல்லி முடித்தபின் அது எந்திரத்தின் விலையோடு சேர்ந்து முதலாளியின் சொத்து.

6

அறிவு எப்போதும் மேலிருந்து கீழே வருவது, செலவழித்தால் கிடைப்பது என்ற நம்பிக்கைக்கு இந்த மலையிலேயே ஒரு மறுப்பு உண்டு. பாம்பாடும்பாறையில் 1956 முதல் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மயிலாடும்பாறையில் 1978இல் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. இரண்டும் ரகங்களை வெளியிட்டிருக்கின்றன, நோய்களைப் பற்றிச் சொல்லியிருக்கின்றன. அவற்றின் பணியைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் ஏலமலையின் விளைச்சலைத் தலைகீழாக மாற்றிய 'ஞள்ளானி' ரகம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வரவில்லை. கட்டப்பனைப் பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தம் தோட்டத்தில் நன்றாகக் காய்த்த செடிகளைக் கவனித்துத் தேர்ந்து, தேனீயின் மகரந்தச் சேர்க்கையைப் பயன்படுத்தி வளர்த்தெடுத்தது அது. விதையால் அல்லாமல் தட்டை பிரித்து நட்டதால் குணம் மாறாமல் தோட்டம் தோட்டமாகப் பரவி இடுக்கியின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. பிற்பாடு தேசியப் புத்தாக்க அறக்கட்டளை அவரைக் கௌரவித்தது. பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் வந்ததோ 2001இல். அதற்குள் அந்தச் செடி மலை முழுக்க இருந்தது. பரவியதில் மகிழ்ச்சியடையாமல் இருக்க முடியாது. காப்புரிமை வேலி போட்டிருந்தால் சின்ன விவசாயிக்குக் கிடைத்திருக்காது. ஆனால் ஆராய்ச்சிக்கான பொதுப் பணம் எங்கே போகிறது, அறிவு எங்கே பிறக்கிறது என்ற இரண்டு வரைபடங்களும் ஒன்றல்ல என்பதை மறந்துவிடக் கூடாது.

ஞள்ளானியின் இன்னொரு பக்கமும் சொல்லப்பட வேண்டும். கூடுதலாகக் காய்க்கும் செடி கூடுதலாக உரமும் நீரும் மருந்தும் கேட்டது, நிழல் குறைப்பையும் கேட்டது. பழைய மலையின் அறிவு, அதாவது எந்த மரத்தின் நிழல் எவ்வளவு வேண்டும் என்ற அறிவு, மெல்ல மதிப்பிழந்தது. புதிய அறிவு வரும்போது பழையது எப்போதும் பொய்யாகிப்போவதில்லை; பல சமயம் கேட்பாரற்றுப் போகிறது.

7

அறிவுக்கு மதிப்பு உண்டா என்று சோதிக்கச் சுலபமான வழி, அது வராமல் போகும் நாளைப் பார்ப்பது. அப்படிப்பட்ட நாட்கள் இரண்டு முறை வந்தன.

2011 நவம்பர், டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை எல்லையில் கொந்தளித்தது. மலையில் தமிழ்த் தொழிலாளர்கள் அச்சுறுத்தப்பட்டார்கள். பெண்கள் பயந்து இறங்கிவந்தார்கள். வழிகள் அடைபட்டன. அது அறுவடைக் காலம். செடி இருந்தது, காய் இருந்தது, ஸ்டோர் இருந்தது, மின் ஏலக் கருவியும் இருந்தது. எடுக்கும் கைகள் இல்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஏலமே நின்றது. எல்லை தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. இரண்டு கூடங்களையும் கணிப்பொறியால் இணைக்கும் ஏற்பாடு அதை அடுத்துத்தான் வந்தது. வியாபாரி எல்லை தாண்டாமலே வாங்கலாம். தொழிலாளிக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. அவள் உடம்போடுதான் மலையேற வேண்டும், அளவுக்கு மீறி ஆளேற்றிய ஜீப்பில், கொண்டை ஊசி வளைவுகளில். அந்த ஜீப்புகள் கவிழ்வது நம் ஊர்ப் பக்கம் புதுச் செய்தி அல்ல. தேவாரத்திலிருந்து சாக்குலூத்து மெட்டு வழியாகச் சாலை வேண்டும் என்று நெடுங்காலமாகக் கேட்டுவந்திருக்கிறார்கள். காடு சம்பந்தப்பட்ட கேள்வி அதில் உண்டு, எளிதில் முடிவெடுக்க முடியாதது. இருக்கட்டும். பாதுகாப்பான ஒரு பேருந்துக்காவது தொழில்நுட்பச் செலவு என்ற தலைப்பில் இடமுண்டா?

இதற்கிடையில் மத்தியப் பிரதேசம், ஜார்க்கண்ட், அசாம் என்று வெகுதூரத்திலிருந்து தொழிலாளர்கள் மலைக்கு வந்து தங்கி வேலை செய்கிறார்கள். அவர்களும் வயிற்றுப்பாட்டுக்கு வந்தவர்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கருங்காயின் பாடம் அவர்களுக்கு யார் சொல்வது? ராசிங்காபுரத்தில் தாயோடு போன மகள் பார்த்துப் பார்த்துக் கற்றாள். அந்த மகளின் மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள், போகத்தான் வேண்டும். தலைமுறை வழியாக இலவசமாக நடந்துவந்த பயிற்சி நிற்கிறபோதுதான், அதற்கும் ஒரு செலவு இருந்தது, அந்தச் செலவைத் தொழிலாளியின் குடும்பமே சுமந்துவந்தது என்பது தெரிகிறது.

8

என்ன செய்யலாம்? கணிப்பொறியைத் தூக்கியெறி என்பது பதிலாகாது. மின் ஏலத்தின் பதிவேட்டிலிருந்தே தொடங்கலாம்.

விலை ஒவ்வொரு குவியலுக்கும் பதிவாகிறது. லிட்டர் எடையை அளப்பதும் எளிது. இவை இரண்டும் இப்போது கீழ்நோக்கித் திரும்பி வருவதில்லை. எந்த எடுப்பில், எந்தக் குழு பறித்த காய் என்ன எடைக்கு என்ன விலைக்குப் போனது என்பதைத் தோட்டம் வரை, பறித்தவர் வரை கொண்டுவர இன்று ஒரு சாதாரண கைபேசி போதும். இது நடந்தால் 'நான் எடுத்த காய்' என்று சொல்ல ஒரு ஆதாரம் கிடைக்கும். தரத்துக்கான பங்கைக் கூலிக்கு மேல் கேட்க ஒரு பிடி கிடைக்கும். இதில் ஆபத்தும் உண்டு. அதே பதிவேட்டைக் கங்காணியின் கண்ணாக்கி, யார் எத்தனை பிஞ்சு எடுத்தார் என்று அபராதம் போடவும் முடியும். ஆகவே பதிவு யார் கையில் இருக்கிறது என்பது தொழில்நுட்பக் கேள்வி அல்ல. சங்கம் கேட்க வேண்டிய கேள்வி. கூலி உயர்வு, போனஸ் பேச்சுகளில் இதுவரை இடம்பெறாத கேள்வியும்கூட.

இரண்டாவது, செலவுக்கு முன்னால் கேட்க வேண்டியது. ஒரு எந்திரத்துக்கோ மென்பொருளுக்கோ பணம் ஒதுக்கும்போது, அது யாருடைய அறிவின்மீது ஊன்றி வேலை செய்யப்போகிறது என்று எழுதிக் காட்டச் சொல்லலாம். வாரியத்தின் பணம் பொதுப் பணம் என்பதால் இதைக் கேட்க உரிமை இருக்கிறது. ஸ்ட்ராஸ்மனின் கழித்தல் கணக்கு இங்கே பயன்படும், ஒரு திருத்தத்தோடு. மிஞ்சுவது அறிவின் சம்பாத்தியம் என்று ஒப்புக்கொண்டால், அது அறிந்தவர்களின் சம்பாத்தியமும்தான் என்று அடுத்த வரியையும் எழுத வேண்டும்.

மார்க்ஸ் 1857-58 குறிப்பேடுகளில், எந்திரங்களுக்குள் உறைந்திருப்பது சமூகத்தின் பொது அறிவு என்ற கருத்தை எட்டுகிறார். நம் கோட்பாட்டாளர்கள் அதை மென்பொருளுக்கும் இணையத்துக்கும் பொருத்திப் பேசுகிறார்கள். பொது அறிவு என்பது படித்தவர்களின் தலையில் மட்டும் இருப்பதாக நினைத்துக்கொள்வதால் வரும் பழக்கம் இது. போடி ஏலக்கூடத்தின் திரையில் ஏறி இறங்கும் ஒவ்வொரு எண்ணுக்குள்ளும் மழையில் குனிந்து கருங்காய் பார்த்த ஒரு கை இருக்கிறது. அந்தக் கைக்கு ஏட்டில் எந்தக் கட்டம் என்பதை நறுமணப் பொருள் வாரியத்திடமும், தோட்ட முதலாளிகளிடமும், கணக்கியல் படித்த நம் பிள்ளைகளிடமும் கேட்கலாம். தொழிற்சங்கங்கள் முதலில் கேட்டால் நல்லது.